பெயிண்ட்டுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துன குமாஸ்தா

இன்னைக்கு வந்த கோவம் இன்னும் அடங்கலீங்க.

மலைமேல இருக்கிற செம்மேட்டுப் பங்களாவுல நான் காவக்காரன். நாளைக்குத் தொரை வர்றாருன்னு காலையில ஜன்னல் கம்பிக்குச் செவப்புப் பெயிண்ட் அடிச்சேன். டப்பா சாஞ்சு, வாசல் சிமெண்ட் தரையில கொட்டிப்போச்சு.

தப்பு என்னுதுதான். ஆனா வைத்தியம் எனக்குத் தெரியும். ஈரப் பெயிண்ட்டைத் தேய்க்கவே கூடாது. அடுப்புச் சாம்பலை மேல கொட்டுனா உறிஞ்சிக்கும். அப்புறம் வழிச்சுப் போட்டுட்டு, மிச்சத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் தேச்சா போயிரும். சாம்பலைக் கொட்டிட்டு, மண்ணெண்ணெய் வாங்கச் சோளக்காட்டுக்கு நடந்தேன்.

திரும்பி வந்து பார்த்தா, வாசல் முழுக்க ரத்தக்களரி மாதிரி கெடக்குது!

மலைக்குக் கீழ்நாட்டுல இருந்து புதுசா வந்த குமாஸ்தா, கையில மஞ்சத்தண்ணிக் குடத்தோட நிக்கிறாரு.

"செவப்பு மேல சாம்பல்! உங்க மலைக்காரனுங்க எனக்குச் சூனியம் வெச்சுட்டானுங்கடா!"

"ஏனுங்க, அது பெயிண்ட்டுங்க! நாந்தானுங்க கொட்டுனேன்!"

"பொய் சொல்லாத. நாளைக்குத் தொரைகிட்டயே சொல்றேன்."

மூணு குடம் ஊத்தி, விளக்கமாத்தால வேற தேச்சிருக்காரு. கையகலக் கறை பாயகலம் ஆயிருச்சு. பழி மட்டும் மலைக்காரனுக்கு!

இந்த யுத்த காலத்துல அரைப் புட்டி மண்ணெண்ணெய்தான் கெடச்சுது. தேங்கா நாரை வெச்சு, முட்டி தேயத் தேச்சு வாசலைச் சுத்தம் பண்ணிட்டேன்.

உள்ள குமாஸ்தா நாற்காலி வரைக்கும் போயிருக்கிற செவப்புக் காலடித் தடத்தை மட்டும் தொடலை. புட்டியில இன்னும் மண்ணெண்ணெய் இருக்குதுங்க.

நாளைக்குத் தொரையே பார்த்துச் சொல்லட்டும், வாசலை நாறடிச்சது யாருன்னு.

நீங்களா இருந்தா தொடச்சிருப்பீங்களா?