அடுத்த ஆள்

கரண்டி முதலில் காதில் பட்டது, பிறகு தோளில். அடுத்த அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியபோது நாற்காலி சரிந்தது. கத்தியக்கா மேஜைக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவே மல்லாக்க விழுந்தாள்.

விழுவது அவளுக்குப் புதிதில்லை. அன்றைக்கு எழுந்திருக்க முடியவில்லை. முழங்கையை ஊன்றினால் இடுப்பு கூடவே எழவில்லை. இடுப்பைத் திருப்பினால் முட்டி மடங்க மறுத்தது. தலைக்கு மேலே அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. "எந்திரி! எந்திரி!" என்று தம்பி கத்தினான். அவள் எழாததைக் கண்டு அவனுக்கு வெறி இன்னும் ஏறியது. விலாவில் உதைத்தான், தொடையில் உதைத்தான், கால் வலித்ததும் நிறுத்தினான். பிறகு அவளைத் தாண்டிப் போய், மேஜைமேல் இருந்த அவள் தட்டில் இன்னொரு கரண்டி கறியைப் போட்டுவிட்டு, "சாப்பிடுக்கா" என்றான்.

சத்தம் கேட்டு மாடி வீட்டு லாரி டிரைவரும் அவர் பெண்டாட்டியும் இறங்கி வந்து, மூட்டையைப் புரட்டுவதுபோல் புரட்டி அவளை உட்கார வைத்தார்கள். "லோடு ஏத்தறது இதை விட சுலபம்" என்று வாய்தவறிச் சொன்ன டிரைவர், பெண்டாட்டியின் முழங்கையால் ஒரு இடி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை நர்ஸம்மா வந்தார். தம்பியைப் போன்றவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து மாத்திரை கொடுப்பது அவர் வேலை. கத்தியக்காவின் விலாவை அமுக்கிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை.

"அவர் அடிப்பார்னு எனக்குத் தெரியும். மாத்திரையை மாத்தி மாத்திப் பாத்தாச்சு. நீங்க தரையில கிடந்தீங்களே, அதை என்னால விட முடியாது. பானை கவிழ்ந்திருந்தா?"

"கவிழல இல்ல?"

"இன்னொரு தடவை விழுந்து எழுந்திருக்க முடியலன்னா, அவரைப் பூட்டு விடுதிக்கு அனுப்பச் சொல்லி எழுதிடுவேன். இந்த மழைக்காலம் முடியற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள உடம்பைக் கொறைங்க. காலுக்குப் பலம் ஏத்துங்க."

இப்படிப்பட்டவர்களைப் பூட்டி வைக்கும் அந்த விடுதி எப்படி இருக்கும் என்று கத்தியக்காவுக்குத் தெரியும். அம்மா சாகக் கிடந்தபோது தம்பியைக் கொஞ்ச நாள் அங்கே விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது மணிக்கட்டைச் சுற்றி, கட்டிப்போட்ட வார் அறுத்த புண், முன்பல் ஒன்று இல்லை. பல் எங்கே என்று கேட்டதற்கு அங்கே யாருக்கும் பதில் தெரியவில்லை.

கத்தியக்காவுக்குச் சந்தையில் கோழிக்கடை. காலையில் கூண்டு திறப்பதில் தொடங்கி மதியம் தரை கழுவும்வரை, கழுத்தை அறுப்பது, வெந்நீரில் முக்குவது, மரக்கட்டையில் போட்டு வெட்டுவது. முகத்தில் ரத்தம் தெறித்தால் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுப்பாள். இறகு பிடுங்குவது கூட்டாளியின் வேலை; அதனால் அவனுக்கு றெக்கை என்று பெயர். அவள் கையும் தோளும் இரும்பு. இடுப்புக்குக் கீழேதான் எல்லாம் பாரமாகிவிட்டது. நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பாள், சர்க்கரை அள்ளிப் போட்ட டீயாகக் குடிப்பாள், கடையிலேயே கோழித்தோலைப் பொரித்துக் கொறிப்பாள். இதெல்லாம் பகல் கணக்கு. ராத்திரிச் சாப்பாடுதான் ஆளை உருட்டியது.

தம்பி ஒரு தொழிற்சாலை கேண்டீனில் பரிமாறுகிறவனாக இருந்தவன். ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் இரண்டு கோஷ்டி அடித்துக்கொண்டது. பெஞ்சு பறந்தது, தட்டு பறந்தது. இவன் கரண்டியும் கையுமாக நடுவில் மாட்டிக்கொண்டான். எவனோ ஒருவன், "போதும்டா, போதும்!" என்று கத்திக்கொண்டே இரும்புக் குழாயால் இவன் மண்டையில் போட்டான். உயிர் தப்பியது. பேச்சு பாதி போயிற்று, வேலை போயிற்று, பொறுமை அடியோடு போயிற்று. அந்த ஒரு வார்த்தை மட்டும் உள்ளே போய்க் குத்திக்கொண்டு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்த முதல் வாரம், அவன் பரிமாறும்போது அம்மா தட்டின்மேல் கையை நீட்டி, "போதும்ப்பா" என்றாள். பானை அவள் தலைக்கு வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்த வார்த்தை கிடையாது. பரிமாறுவது ஒன்றுதான் அவனுக்கு மிஞ்சிய வேலை. ராத்திரி ஆனால் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு கரண்டியோடு நிற்பான். அம்மா போனபிறகு தட்டு ஒன்றே ஒன்று, அது அக்காவுடையது. அவன் போடப்போட அவள் தின்றாள். தட்டை மறைத்தால் கையில் அடி. வேண்டாம் என்றால் முதுகில் அடி. மிச்சம் வைத்தால் தட்டோடு சுவருக்குப் போகும். அப்படி வந்த உடம்பு அது.

கத்தியக்காவின் மகளைக் கட்டிய மாப்பிள்ளை செல்போன் கடை வைத்திருந்தான். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தான்.

"அத்தை, இந்த ஆப்ல எல்லாம் இருக்கு. ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டை எடை போட்டு இதுல அடிச்சிடுங்க. எத்தனை கலோரின்னு அதுவே சொல்லிடும்."

"நாள் முழுக்க தராசுலதான் மாப்பிள்ளை நிக்கறேன். வீட்டுக்கு வந்தும் எடை போடணுமா?"

"பழகிடும் அத்தை."

கடையிலிருந்த சின்னத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்று ராத்திரி தட்டை அதன்மேல் வைத்தாள். தம்பி கரண்டியைத் தூக்கியவன் அப்படியே நின்றான். கேண்டீனில் பரிமாறியதை எடை போட்டுப் பார்ப்பது மேஸ்திரி மட்டும்தான். அதுவும் திருடுகிறவன் என்று யாரையாவது சந்தேகப்பட்டால். இது மாப்பிள்ளைக்கும் தெரியாது, ஆப்புக்கும் தெரியாது. "திருடனா? நான் திருடனா?" என்றான் தம்பி. தராசு ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவுக்குப் போனது. அதன் பின்னாலேயே செல்போனும் போனது. கத்தியக்கா கதவுக்கு வெளியே நின்று தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள், உள்ளே மரச்சாமான் உடையும் சத்தம் அடங்கும்வரை.

பிறகு பட்டினி கிடந்து பார்த்தாள். ராத்திரி எப்படியும் தின்றாக வேண்டும் என்பதால் பகல் முழுக்க வெறும் தண்ணீர். சில நாள் ஓடியது. ஒரு காலை மரக்கட்டை முன்னால் கண் இருட்டியது, கத்தி இறங்கியது, கோழிக்காலோடு அவள் இடது சுண்டுவிரல் நுனியும் துண்டாகி விழுந்தது.

"அக்கா, அது எலவசமா?" என்றான் றெக்கை. ரத்தம் வழிந்த கையை உயரத் தூக்கிப் பிடித்து, துண்டை இறுகச் சுற்றியது அவன்தான். "இதோட நிறுத்துக்கா. நீ முழுசா இளைக்கறதுக்குள்ள கையில ஒண்ணும் மிஞ்சாது."

கட்டு மாற்ற வந்த நர்ஸம்மா, விரலைப் பார்த்துவிட்டு நேராகப் பேசினார்.

"இதெல்லாம் உடம்பு நல்லா இருக்கிற நாள்ல செய்யற வீரம். உங்களுக்கு அடிபட்ட நாள்லயும் செய்ய முடியறதா ஒண்ணு வேணும். செத்தாலும் விட மாட்டேன்னு எதை சொல்லுவீங்க?"

"கடைக்குப் போறதை."

"நடந்து போங்க. டீ குடிங்க, சர்க்கரை கொஞ்சமா. தோலை நாய்க்குப் போடுங்க. மதியம் காயும் கறியும் வயிறாரத் தின்னுங்க, பட்டினி வேணாம். கடையில நாற்காலி இருக்கில்ல? கையை ஊனாம உக்காந்து உக்காந்து எழுந்திருங்க. தராசுல ஏறிப் பாக்காதீங்க. தரையிலேர்ந்து எழுந்திருக்கறதுதான் நமக்குத் தராசு."

பிறகு பாயில் அவளைப் படுக்கவைத்து வழி காட்டினார். மல்லாக்கக் கிடந்து மல்லுக்கட்டக் கூடாது. ஒருக்களிக்க வேண்டும், கையும் முட்டியும் ஊன்றிக் குழந்தைபோல் நிற்க வேண்டும், ஒரு பாதத்தை முன்னால் வைக்க வேண்டும், பிறகுதான் மேலே. முதலில் நாற்காலியைப் பிடித்தும் வரவில்லை. கத்தியக்கா கெட்ட வார்த்தைகளாகக் கொட்டினாள். நர்ஸம்மா காதில் வாங்காமல், "இன்னொரு தடவை" என்றார்.

பகல் சரியாயிற்று. ராத்திரி? அதற்கு வழி சொன்னவன் றெக்கை. அவன் முன்பு அதே தொழிற்சாலையில் சுமை தூக்கியவன்.

"உன் தம்பி கையால எத்தனை நாள் தின்னிருக்கேன்! அங்க எவனும் வேணாம்னு சொல்லமாட்டான்க்கா. பின்னாடி நிக்கறவன் 'அடுத்த ஆள்!'னு ஒரு சத்தம் குடுத்தா போதும், கரண்டி தானா அடுத்த தட்டுக்குப் போயிடும்."

அன்று ராத்திரி மேஜையில் தட்டுகளை வரிசையாக வைத்தாள். தம்பி முதல் தட்டில் ஒரு கரண்டி போட்டான். அடுத்த கரண்டிக்குக் கை போவதற்குள் அவள், "அடுத்த ஆள்!" என்றாள். அவன் உடம்பு அதைக் கேட்டது. நகர்ந்தான். அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு. முகத்தில் ஒரு மிடுக்கு வந்தது. அவன் தூங்கியபின் மற்ற தட்டுகளை வழித்து டப்பாவில் போட்டாள். மறுநாள் கடையில் றெக்கையின் மதியச் சாப்பாடு அதுதான்.

மழை வலுத்து, பிறகு இளைத்தது. அவளும் இளைத்தாள், மெதுவாக. கடைக்குப் போகும் வழியில் பாலத்துப் படிகளில் முதலில் நின்று நின்று ஏறியவள், குடை பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் ஏறினாள். கண் வீங்கிய நாளும் நடந்தாள், உதடு கிழிந்த நாளும் நடந்தாள். அடி நின்றுவிடவில்லை, சோப்பு வழுக்கியதற்கு, மின்சாரம் போனதற்கு, ஒன்றுமில்லாததற்கு என்று வந்துகொண்டுதான் இருந்தது. சாப்பாட்டுக்கு மட்டும் நின்றிருந்தது.

அதிலும் ஒரு கோளாறு முளைத்தது. தம்பி ஆளில்லாத தட்டுகளைப் பார்த்து, "ஆள் எங்க?" என்று கேட்க ஆரம்பித்தான். தினமும் கேட்டான். கரண்டியால் மேஜையைத் தட்டித் தட்டிக் கேட்டான். அடுத்து அந்தக் கரண்டி எங்கே இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். றெக்கையைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"வாயைத் திறக்காதே. தின்னு, எழுந்திரு, போ" என்று சொல்லித்தான் உட்கார வைத்தாள். றெக்கை தலையாட்டினான். தம்பிக்கு ஏக சந்தோஷம். பழைய ஆள், பழைய முகம். ஒரு கரண்டி போட்டான். அவள் சத்தம் கொடுப்பதற்குள் இன்னொன்று போட்டான், அதற்குமேல் ஒன்று. றெக்கை சிரித்துக்கொண்டே, விருந்தாளிக்கு வாயில் தானாக வருகிற வார்த்தையைச் சொல்லிவிட்டான்.

"போதும்ப்பா, போதும்!"

கரண்டியின் விளிம்பு அவன் புருவத்தைப் பிளந்தது. நாற்காலியோடு சாய்ந்தவன் மேல் தம்பி ஏறி உட்கார்ந்து, முகத்திலும் நெற்றியிலும் மாற்றி மாற்றி இறக்கினான். கத்தியக்கா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். முழங்கை வந்து அவள் தாடையில் இறங்கியது. தரை அவள் முதுகில் அறைந்தது.

கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். காதுக்குள் இரைச்சல். அதையும் மீறி இரும்பு எலும்பில் படும் சத்தம் கேட்டது. அது என்ன சத்தம் என்று கோழி வெட்டுகிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒருக்களித்தாள். கை ஊன்றினாள். வாயிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியது, அதிலேயே கை வழுக்கியது. மறுபடி ஊன்றினாள். பாதத்தை முன்னால் வைத்தாள். தொடை நடுங்கியது, ஆனால் தாங்கியது. நின்றுவிட்டாள்.

நின்றவள் வாயில் வந்தது பழக்கத்தில் வந்தது. "அடுத்த ஆள்!"

தம்பி கேட்டான். றெக்கையை விட்டு எழுந்தான். அடுத்த ஆளைத் தேடித் திரும்பினான். அந்த அறையில் அடுத்த ஆள் அவள்தான்.

முதல் அடியைத் தோளில் வாங்கிக்கொண்டு உள்ளே புகுந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். கால்களை அகற்றி ஊன்றி, அவனைச் சுவரோரம் தள்ளி, தோளால் அமுக்கி நிறுத்தினாள். மூச்சு முட்டாதபடி நெஞ்சை மட்டும் அமுக்காமல் விட்டாள். அவன் அவள் கழுத்தைக் கடித்தான். தலைமுடியைப் பிடுங்கினான். அவள் அசையவில்லை. றெக்கை ரத்தம் வழியக் கதவுவரை தவழ்ந்து போய்ச் சேர்ந்தான். தம்பியின் கை தளர்ந்து, கரண்டி கீழே விழ ரொம்ப நேரம் ஆயிற்று.

காலையில் நர்ஸம்மா, றெக்கையின் புருவத்தில் போட்டிருந்த தையலைப் பார்த்துவிட்டுக் கத்தியக்கா பக்கம் திரும்பினார்.

"விழுந்தீங்களா?"

"விழுந்தேன்."

"யார் தூக்கினது?"

"அக்கா தானா எழுந்துட்டா. நான்தான் கிடந்தேன்" என்றான் றெக்கை. ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. "என்னை வேணா பூட்டு விடுதிக்கு அனுப்புங்க. இவ வீட்ல சாப்பிட வந்த குத்தத்துக்கு."

"நீங்க எழுந்திருக்கறதை நான் பாக்கணும். படுங்க."

"தாடை வலிக்குது நர்ஸம்மா."

"தாடையாலயா எழுந்திருக்கப் போறீங்க? படுங்க."

கத்தியக்கா படுத்தாள். ஒருக்களித்தாள், முனகினாள், எழுந்தாள். தம்பி வாசல் நிலையில் சாய்ந்து, ராத்திரி நடந்தது எதுவும் நினைவில்லாத முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸம்மா இன்னொரு தடவை படுக்கச் சொன்னார். இன்னொரு தடவையும் எழுந்தாள்.

"இங்கேயே இருக்கட்டும்" என்றார் நர்ஸம்மா, பையை மூடிக்கொண்டே. "இரும்புக் கரண்டியை எடுத்துட்டு மரக் கரண்டி குடுங்க. வெளி ஆளை மேஜையில உக்கார வைக்காதீங்க. அடுத்த மாசமும் வந்து படுக்கச் சொல்லுவேன்."

"நீங்க சொல்லலன்னாலும் இவன் படுக்க வெச்சிடுவான்" என்றாள் கத்தியக்கா. தம்பிக்கு மாத்திரையைக் கொடுத்து, அவன் விழுங்கிவிட்டானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கழுத்தில் பல் பதிந்த இடத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு, கடை திறக்க நடந்தாள். றெக்கை வேலைக்கு வர முடியாததால் இன்றைக்கு இறகையும் அவள்தான் பிடுங்க வேண்டும்.