சத்து மாத்திரைதானே என்று இருந்தோம்

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கொரோனா சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்காக டாக்டர் சில நாள் மட்டும் போடச் சொன்ன ஜிங்க் மாத்திரையை, அதன்பிறகும் அவராகவே வாங்கி விழுங்கிவந்தார். தும்மல் வந்தால் கூடுதலாக ஒன்று.

சென்ற கோடையில் தருவைகுளம் கடற்கரையில் மீன் வாங்கித் திரும்பியவரின் ஒரு காலில் செருப்பைக் காணோம். பாதம் கொப்பளித்திருந்தது.

"மணல் சுடலையா?" என்று பதறினேன்.

"ஒண்ணுமே தெரியலயே, ஏளா!" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சர்க்கரையோ என்று சோதித்தோம், இல்லை. நடையும் தள்ளாடத் தொடங்கியது. நரம்பு டாக்டர், "வேற என்ன மாத்திரை போடுதிய?" என்று கேட்டார்.

"மருந்து ஒண்ணுமில்ல சார், ஜிங்க் சத்து மாத்திரைதான்" என்றார் இவர்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரத்தத்தைச் சோதித்ததில், ஜிங்க் மிகுந்து தாமிரச் சத்து அடியோடு குறைந்து, நரம்பைப் பாதித்திருந்தது தெரிந்தது. மாத்திரையை நிறுத்தி, சிகிச்சை எடுத்தபின் தள்ளாட்டம் நின்றுவிட்டது. பாதத்தில் மரமரப்பு மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டிலுள்ள மாத்திரை, டானிக், சத்துப்பொடி அத்தனையையும் பையில் அள்ளிக்கொண்டுதான் கிளம்புகிறேன். "கடையவே தூக்கிட்டு வாரா" என்று அவர் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.