தழை கட்டிய கல்லூரி

ஜவ்வாது மலைக்குப் போகவேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் மழை, இல்லாவிட்டால் அலுவலகத்தில் ஏதாவது அவசரம், இல்லாவிட்டால் வண்டி பழுது. இந்த ஆடி மாதம் மேகலா கூப்பிட்டதால் கிளம்பினேன். மேகலா என் கல்லூரித் தோழி. மலைமேல் ஜமுனாமரத்தூர் பக்கம் ஓர் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அவளிடம் படித்து முடித்த பிள்ளைகளுக்குப் பொறியியல் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்தது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வா, கொஞ்சம் உதவி செய், அப்புறம் அருவிக்குப் போகலாம் என்றாள். கணினி வேலை பார்ப்பவர்களை எல்லாரும் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதலில் அருவியைக் காட்டுவார்கள், பிறகு பிரிண்டரைக் காட்டுவார்கள்.

போகும் முன் ஒரு வேண்டுகோள். இந்த மலையை 'ஏழைகளின் ஊட்டி' என்று எழுதுபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். இங்கே ஊட்டி மாதிரி ஒன்றுமே இல்லை. சாமை வயல், புளியமரம், பலாமரம், நேரத்துக்கு வராத பேருந்து, நடுச்சாலையில் நிதானமாக நிற்கும் மாடு. எனக்கு அதுவே போதும்.

வேலூரிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன். கணியம்பாடியில் முதல் டீ. அங்கிருந்து அமிர்திக் காட்டு வழியாகவும் ஏறலாமே என்று கடைக்காரரிடம் கேட்டேன். என்னையும் வண்டியையும் ஒருமுறை பார்த்தார். "தனியா போறீங்க. போளூர் வழியா போங்க. சுத்து தான், ஆனா பஞ்சரானா கேக்கறதுக்கு ஆள் இருக்கும்" என்றார். கேட்டுக்கொண்டேன். கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர். போளூரில் பெட்ரோல் நிரப்பி, இட்லி சாப்பிட்டு, மலை ஏறினேன். பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தியபோது மீட்டரில் தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர் ஓடியிருந்தது. நின்று நின்று வந்ததில் மூன்றரை மணி நேரம்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொறியியல் கலந்தாய்வு இப்போது முழுக்க இணையத்தில்தான். மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசையாக எழுதிக் கொடுக்கவேண்டும். நூறு வேண்டுமானாலும் எழுதலாம். மதிப்பெண் வரிசைப்படி, ஒவ்வொருவரின் பட்டியலிலும் மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கிற முதல் இடத்தைக் கணினி கொடுத்துவிடும். பட்டியலில் இல்லாத கல்லூரி, எத்தனை மதிப்பெண் இருந்தாலும், கிடைக்காது.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஏழரை சதவீத இடம் தனியாக உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. பெண் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. 'எல்லாத்தையும் சும்மா குடுத்தா எப்படி' என்று சலித்துக்கொள்கிற சித்தப்பா நம் எல்லார் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். அவரை ஒருநாள் இந்த மலைக்குப் பேருந்தில் அனுப்பவேண்டும்.

நான் போன அன்று பட்டியல் கொடுக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குத் தளம் மூடிவிடும். அதுவரை கொடுத்த பட்டியலையும் மாற்றலாம். முக்கால்வாசிப் பிள்ளைகள் முந்தின நாளே முடித்துவிட்டார்கள், மிச்சப் பேர் அன்று காலையில். மதியம் வந்தது பவித்ரா மட்டும்தான். பள்ளியிலேயே அதிக மதிப்பெண் எடுத்த பெண். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தாள். பள்ளிக்கு வந்த பத்து கணினிகளில் ஓடாத ஒன்றைத் திறந்து ஓடவைத்ததிலிருந்து அவளுக்கு இந்தப் பைத்தியம் என்று மேகலா சிரித்தாள்.

அவள் எழுதி வந்த பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டே வந்தேன். சின்னப் பட்டியல். கோயம்புத்தூரில் இருக்கும் ஓர் அரசுக் கல்லூரி அதில் இல்லை. போன வருடம் அங்கே இதே பிரிவில் கடைசியாக இடம் வாங்கியவரைவிட இவளுக்கு மதிப்பெண் அதிகம். கைக்கெட்டிய இடம். மறந்துவிட்டாயா என்று கேட்டேன்.

"மறக்கலக்கா. அது ஜெயந்தியோடது."

ஜெயந்தி அவளுடைய வகுப்புத் தோழி. அந்தப் பெண் தன் பட்டியலில் முதலாவதாக அதை எழுதியிருக்கிறாள். இருந்தால் என்ன, இரண்டு பேரும் எழுதலாமே என்றேன். பவித்ரா மேகலாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக விஷயம் வெளியே வந்தது.

இவர்கள் ஊர்ப்பக்கம் காட்டில் தேன் கூடு இருக்கிற மரத்தையோ, காய்த்த பொது மரத்தையோ ஒருவர் முதலில் பார்த்தால் அடிமரத்தில் ஒரு கொத்துத் தழையைக் கட்டிவிட்டு வருவார்கள். அதற்குப் பிறகு அந்த மரத்தில் வேறு யாரும் கை வைப்பதில்லை. தழை காய்ந்து சருகானாலும் சரி, கட்டியவர் வந்து அவிழ்க்கும்வரை அது அவருடையது. தேர்வு முடிந்த அன்று விடுதியில் பிள்ளைகள் கல்லூரிகளுக்குத் தழை கட்டியிருக்கிறார்கள். வாயால்தான். யார் முதலில் பெயரைச் சொன்னார்களோ அந்தக் கல்லூரி அவர்களுடையது. மற்றவர்கள் அதை எழுதவில்லை.

மேகலா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன வருடமும் பிள்ளைகள் நாலு, ஐந்து என்றுதான் எழுதினார்கள், பயந்துகொண்டு எழுதுகிறார்கள் என்று நினைத்தேன் என்றாள். அவர்களில் சிலருக்கு இடமே கிடைக்கவில்லை. அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் பவித்ராவுக்கு விளக்க ஆரம்பித்தேன். இது உங்கள் காட்டு மரம் இல்லை, தமிழ்நாடு முழுக்க இதில் ஏறுகிறார்கள், ராமநாதபுரத்தில் இருக்கிற பிள்ளைக்கு உங்கள் தழை தெரியுமா, நீ விட்டுக்கொடுத்தால் இடம் ஜெயந்திக்குப் போகாது, அந்தப் பிள்ளைக்குத்தான் போகும் என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அவங்களுக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரியுமே."

எனக்கு எரிச்சல் வந்தது. சொல்லாமலே சேர்த்துவிடலாம் என்று மேகலாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். பவித்ராவின் காதில் விழுந்துவிட்டது. அழவில்லை, குரலும் உயரவில்லை. "சேத்தீங்கன்னா சீட்டு வரும் மிஸ். ஆனா நான் போவ மாட்டேன்" என்றாள். இதற்குமேல் அவளிடம் பேச ஒன்றும் இல்லை. அவிழ்க்க வேண்டியவள் ஜெயந்தி. அவள் ஊர் பதினோரு கிலோமீட்டர். போனில் பிடிக்கலாம் என்றால் அங்கே சிக்னல் கிடையாது. மாலைப் பேருந்து ஐந்துக்கு மேல்தான். மணி இரண்டரை. பவித்ராவை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

முதல் எட்டு கிலோமீட்டர் நல்ல தார்ச்சாலை. அதற்குப் பிறகு ஜல்லி. கடைசி ஒன்றரை கிலோமீட்டரில் வண்டியை ஒரு வீட்டு வாசலில் விட்டுவிட்டு நடந்தோம். மேகம் தாழ்வாக இறங்கியிருந்தது. ஜெயந்தி அம்மாவோடு சாமை வயலில் களை பறித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பவித்ரா வரப்பில் நின்றவள் நின்றபடியே இருந்தாள். ஆகவே நான் ஆரம்பித்தேன், போன வருடம் இத்தனை, உனக்கு இத்தனை என்று. ஜெயந்தி பாதியில் நிறுத்தினாள்.

"தெரியும்க்கா. மிஸ் போன வருசத்து மார்க்க காட்னப்பவே தெரியும். எனக்கு அது வராது."

பிறகு ஏன் தழையை அவிழ்க்கவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் வயலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சொல்லி வச்சா, சீட்டு ரிசல்ட் வர்ற வரிக்கும் அது என்துன்னு இருக்கும் இல்லக்கா. அதுக்குத்தான்."

கட்டணம், விடுதி, மாதப் பணம் என்று காலையிலிருந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு கல்லூரியின் பெயரைச் சில மாதம் தன்னுடையது என்று வைத்துக்கொள்வதற்கும் ஒரு பெண் ஆசைப்படுவாள் என்பது என் கணக்கில் இல்லை.

பிறகு ஜெயந்திக்குக் கோபம் வந்தது, என்மேல் இல்லை. "ஏண்டி, மொதல்லயே கேட்டிருந்தா குடுத்திருப்பேன் இல்ல? இம்மாம் தூரம் அந்த அக்காவ இஸ்துக்கினு வரணுமா?"

"எப்டிடீ கேக்கறது?" என்றாள் பவித்ரா.

"இன்னா எப்டி? வாயால தான். எடுத்துக்கோ போ. அவுத்துட்டேன்."

அவ்வளவுதான். நான் வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன். பவித்ரா நகரவில்லை. வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகள் இரண்டுக்குத் தான் தழை கட்டியிருந்ததாகவும், அவற்றை ஜெயந்தி எடுத்துக்கொள்ளவேண்டும் என்றும் சொன்னாள். அப்போதுதான் ஜெயந்தியின் பட்டியலைப் பற்றி விசாரித்தேன். மொத்தமே நான்கு கல்லூரிகள். வேறு கல்லூரிகளுக்கு மற்ற பிள்ளைகள் தழை கட்டியிருந்ததால் அவற்றை எழுதவில்லை. முதலாவது அவளுக்குக் கிடைக்கப்போவதில்லை. மற்ற மூன்றும் நிச்சயம் இல்லை. இவளுக்கு எந்த இடமும் இல்லாமலே போயிருக்கலாம். நாங்கள் வந்தது பவித்ராவுக்காக மட்டும் இல்லை என்பது எனக்கு அந்த வரப்பில்தான் உறைத்தது.

பவித்ரா கட்டியதை அவள் அவிழ்த்தாயிற்று. மற்றவர்களுடையது? மற்றப் பிள்ளைகள் வீடு வீடாகப் போக நேரம் இல்லை. இரண்டு பெண்களும் கொஞ்சம் தள்ளிப்போய்ப் பேசினார்கள். திரும்பி வந்து, எல்லாரும் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டதால் அவரவர் மரத்தில் அவரவர் ஏறியாயிற்று, இனி மிச்சம் இருப்பதைத் தொடலாம், அவர்களிடம் பிறகு சொல்லிக்கொள்கிறோம் என்றார்கள். இந்தத் தீர்ப்பை நான் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. ஜெயந்தி தன் கடவுச்சொல்லைப் பவித்ராவின் உள்ளங்கையில் பேனாவால் எழுதினாள். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அலுவலகத்தில் வகுப்பெடுக்கிற நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பள்ளிக்குத் திரும்பும்போது நாலே கால். பவித்ராவின் கை வியர்வையில் இரண்டு எழுத்து அழிந்துபோய், ஊகித்துப் போட்டு, மூன்றாவது முறைதான் ஜெயந்தியின் கணக்கு திறந்தது. கோயம்புத்தூர் பவித்ராவின் பட்டியலில் மேலே ஏறியது. ஜெயந்தியின் நான்கு வரி நாற்பதைத் தாண்டியது. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சேமித்தோம். தழை விஷயம் தெரிந்த பிறகு மேகலா அன்று சிரிக்கவே இல்லை. அடுத்த வருடம் தேர்வுக்கு முன்பே பிள்ளைகளை உட்காரவைத்து, எல்லாருடைய தழையையும் எல்லாரும் அவிழ்த்த பிறகுதான் பட்டியலைத் தொடுவேன் என்றாள்.

மறுநாள் காலை பீமன் அருவிக்குப் போனேன். ஜமுனாமரத்தூரிலிருந்து பக்கம்தான். தண்ணீர் குறைவு, கூட்டமும் குறைவு. பாறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். பணம் இல்லாததால் படிக்க முடியவில்லை என்கிற பெரிய தடையை அரசு எடுத்துவிட்டது. அது சின்ன விஷயம் இல்லை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த இணையதளம் பிள்ளைகளிடம், வேண்டியதை எல்லாம் கேள் என்கிறது. இந்த மலை, ஒன்றைக் கேள், மற்றதை அடுத்தவருக்கு விடு என்று சொல்லி வளர்த்திருக்கிறது. எது சரி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மலை சொல்வதை நம்பி வளர்ந்த பெண்ணுக்குத்தான் அந்த இடம் கிடைக்கவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

கிடைத்தது. பவித்ரா கோயம்புத்தூரில் சேர்ந்துவிட்டாள். ஜெயந்திக்கு, யாரோ விட்டுப்போன இடங்களைக் கொடுத்த அடுத்த சுற்றில், வேலூர்ப் பக்கம் பவித்ரா அவிழ்த்துக் கொடுத்த இரண்டில் ஒன்றில், அதே கம்ப்யூட்டர் சயின்ஸ்.

போக நினைப்பவர்களுக்கு: பேருந்தில் வருவதானால் போளூரிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ காலையிலேயே ஏறிவிடுங்கள். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த வண்டி என்றால் போளூரில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். கிளைச்சாலைகளில் சிக்னலை நம்பவேண்டாம். சாமைச் சோறு கிடைத்தால் விடாதீர்கள். தெரிந்த அரசுப் பள்ளிப் பிள்ளை யாராவது கலந்தாய்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தால், பட்டியலில் என்ன எழுதியிருக்கிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள். எதை எழுதாமல் விட்டாய், யாருக்காக விட்டாய் என்றும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அருவியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு மரத்தின் அடியில் தழை கட்டியிருந்தது. நாளாகி, பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்துவிடும் போல இருந்தது. படம் எடுக்கப் போனை எடுத்தவள், உள்ளே வைத்துவிட்டு ஒதுங்கி நடந்தேன். நீங்களும் அப்படிப் பார்த்தால் கை வைக்காதீர்கள். கட்டியவர் அதில் ஏறப்போவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு அது அவருடையது.