சிசிலியில் மூன்று தென்னைகள்

வேலிக்கு நடுகிற பச்சைக் கிளுவங் கதியாலை நுனி சீவும்போது எழுகிற கசந்த மணம் மூக்கில் பட்டால் மற்றவர்களுக்கு வேலி அடைக்கும் காலம் நினைவுக்கு வரும். எனக்கு ரோமாபுரி நினைவுக்கு வரும். இது படிப்பினால் வந்த கோளாறு. ரோமாபுரிக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த யுத்தங்களை உலகத்தின் மாபெரும் போர்கள் என்று புத்தகங்கள் கொண்டாடுகின்றன. அவற்றை நான் சின்ன வயதிலேயே, இணுவிலில், எங்கள் வளவின் வடக்கு வேலியோரம் நின்று முழுவதுமாகப் பார்த்துவிட்டேன். பிற்காலத்தில் தடித்த புத்தகங்களில் வாசித்தபோது ஆட்களின் பெயர்தான் புதிதாக இருந்தது; புத்தி அதே புத்தி.

எங்கள் ஐயா மானிப்பாய்ப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திரம் படிப்பித்தார். கடலின் இரு கரையிலும் இருந்த இரண்டு ஊர்கள், நடுவில் கிடந்த சிசிலித் தீவில் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேலாக ஒன்றையொன்று கடித்துக் குதறிய கதையை, ஏதோ தர்மம் காக்கச் செத்தவர்களின் கதைபோல உருகி உருகிச் சொல்லுவார். ரோமாபுரி என்றால் அவருக்குக் கண் கலங்கும். அந்த வகுப்பில் நானும் இருந்தேன், எனக்கும் கலங்கியது. சில வியாதிகள் பரம்பரையாகத்தான் வருகின்றன.

வடக்கு வளவில் இருந்தவர் மாமா. ஐயாவின் தங்கையை, அதாவது எங்கள் மாமியை, கலியாணம் முடித்தவர். மலாயா றெயில்வேயில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பியவர். இரண்டு வளவும் முன்பு ஒன்றாக இருந்தவை. ஐயாவின் தகப்பனார் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது நடுவில் மூன்று தென்னை நிற்கிற ஓர் ஒடுங்கிய துண்டு மிஞ்சியது. அது யாருக்கு என்று சொல்லாமலே அவர் போய்ச் சேர்ந்தார். சாம்ராச்சியங்களை ஆண்ட பெரிய மனிதர்களும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்பதால் அவரை மட்டும் குறை சொல்ல வரவில்லை.

உக்கின வேலியைப் பிரித்து அடைக்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் ஊரில் கதியால்கள் நடக்கும். மாமா அடைத்தால் தெற்கே ஒரு சாண் நடக்கும். ஐயா அடைத்தால் வடக்கே நடக்கும். நட்ட கதியால் வேர் பிடித்துத் துளிர்த்துவிட்டால் எல்லை அதுதான் என்பது இரண்டு பகுதியும் ஒப்புக்கொண்ட ஒரே சட்டம். நான் சொல்லுகிற வருஷம் மாமா முந்திக்கொண்டார். கதியால்கள் ஒரே மூச்சில் நடந்துவந்து மூன்று தென்னைகளையும் அவர் பக்கம் சேர்த்து நின்றன. ஐயா போய்க் கேட்டதற்கு அவர் வேலிக்கு மேலால் தலையை நீட்டிச் சொன்ன பதில் இதுதான்: “மலாயாவிலை தண்டவாளம் போட்டவன் நான். எனக்கு நேர்கோடு தெரியாதோ?”

அன்றைக்கு ஐயா அந்தத் துண்டுக்குச் ‘சிசிலி’ என்று பெயர் வைத்தார்.

ரோமாபுரிச் சபையில் ஒரு கிழவர் இருந்தாராம். எதைப் பற்றிப் பேச எழும்பினாலும் கார்த்தேஜ் அழியவேண்டும் என்று முடித்துவிட்டுத்தான் உட்காருவாராம். ஐயாவுக்கு அவர் தெய்வம். அரிசி விலையைப் பற்றிக் கதைத்தாலும், என்னுடைய காய்ச்சலைப் பற்றிக் கதைத்தாலும், “முதல்லை உந்த வேலியைப் பிடுங்கவேணும்” என்றுதான் முடிப்பார். எதிர்ப்படையில், கார்த்தேஜின் தளபதி ஹானிபலின் யானைகளுக்குப் பதிலாக ஒரு கிடாய் இருந்தது. ஆல்ப்ஸ் மலை ஏறிய யானைகளில் பல குளிரில் செத்தன. மாமாவின் கிடாயோ வேலியால் புகுந்து, ஐயா பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற சால்வையைக் கொடியிலேயே வைத்துத் தின்றுவிட்டு நல்ல சுகத்தோடு திரும்பிப் போனது.

அக்கா ஒருத்தி இல்லாவிட்டால் இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். அக்காவை மாமாவின் மகனுக்குக் கட்டிவைப்பது என்பது இருவரும் தவழ்ந்த காலத்திலேயே பேசிவைத்தது. அக்காவுக்கு அவனில் விருப்பம் என்பது எங்கள் வீட்டு நாய்க்கும் தெரியும். வேலியில் ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு விடுகிற இடைவெளியை நாங்கள் ‘பொட்டு’ என்போம். ஆண்கள் வாசல் படலையால் போய் வழக்குப் பேச, பெண்கள் பொட்டால் போய்க் கறியும் கதையும் மாற்றிக்கொள்வார்கள். ஐயா அந்தப் பொட்டைப் பனங் கருக்குமட்டையால் அடைத்தார். சிசிலி திரும்பி வராமல் சம்பந்தம் இல்லை என்றார். கொழும்பில் கிளாக்கராக இருந்த ஒருவருக்கு அக்காவின் சாதகக் குறிப்பும் போனது. பொருத்தம் நல்லது என்று மறுமொழியும் வந்தது. அக்கா சோற்றைக் குறைத்தாள். ஐயா அதைப் போர்க்காலச் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டிருக்கக் கூடும்.

அந்தக் கிழமை வகுப்பில் கடைசி அத்தியாயம். வென்ற ரோமர் கார்த்தேஜை எரித்துத் தரைமட்டமாக்கி, இனி ஒரு புல்லும் முளைக்கக் கூடாதென்று உப்பை விதைத்து உழுதார்கள் என்று ஐயா சொன்னார். பழங்காலத்து நூலாசிரியர் எவரும் அப்படி எழுதவில்லை, அது பின்வந்தவர்கள் கட்டின கதை என்பதைத் தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் நான் வாசித்தேன். ஐயா வாசிக்கவேயில்லை. சனிக்கிழமை மத்தியானம், மாமா நீர்வேலி ஊருக்குப் போயிருந்த நேரம், எங்கள் முற்றத்தில் ஒரு சாக்குக் கல்லுப்பு வந்து இறங்கியது. நான் கடகப் பெட்டியில் அள்ளிச் சுமந்தேன். ஐயா கருக்குமட்டையைத் தானே விலக்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிசிலிக்குள் இறங்கி, மூன்று தென்னைகளின் அடியிலும் ஒன்றுக்கும் வஞ்சகம் செய்யாமல் உப்பைக் கொட்டினார்.

தென்னைக்கு உப்பு உரம் என்பது எங்கள் பகுதியில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். பள்ளிக்கூட விடுதியில் வளர்ந்த ஐயாவுக்குத் தெரியாது. தேங்காய் சந்தையில் விளைகிறது என்ற அளவில் அவருடைய கமத்தொழில் அறிவு நின்றுவிட்டது. எனக்கும் தெரியாது. நான்தான் அவருடைய வகுப்பாயிற்றே. அடுப்படி வாசலில் நின்ற அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவளுடைய கையைப் பிடித்தாள். அம்மா அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஐயா கிணற்றடியில் கைகால் கழுவுகிற நேரத்தில் அக்கா பொட்டடியில் போய் நின்று மாமியைக் கூப்பிட்டாள்.

“மாமி, ஐயா உங்கடை தென்னையளுக்கு உப்புப் போட்டிருக்கிறார். வாய்விட்டுச் சொல்லமாட்டார். நீங்கள் மாமாவுக்குச் சொல்லுங்கோ.”

பொழுதுபடுகிற நேரம் மாமா வந்தார். படலையால் அல்ல, தோளில் ஒரு வாழைக்குலையோடு பொட்டால் குனிந்து வந்தார். ஓர் ஆண்பிள்ளை பொட்டால் வந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. நிமிர்ந்தபோது அவருடைய கண் ஈரமாக இருந்தது.

“மச்சான், இவ்வளவு கோபத்திலையும் என்ரை மரத்துக்கு உப்புப் போட்டிருக்கிறீர். நான்தான் மனிசனில்லை.”

ஐயா மாமாவைப் பார்த்தார், குலையைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தொண்டையைச் செருமினார்.

“மழைக்கு முந்திப் போட்டாத்தான் பிடிக்கும்” என்றார், பிறந்த நாள் தொட்டுத் தென்னந்தோட்டத்தில் வாழ்ந்தவர்போல.

ஆவணியில் கலியாணம் நடந்தது. சிசிலியை அக்காவின் பெயருக்கே எழுதினார்கள். தென்னைகள் வெட்கமில்லாமல் குலை தள்ளின. அடுத்த வருஷ வகுப்பில் ஐயா கார்த்தேஜை எரித்ததோடு புத்தகத்தை மூடினார் என்று கேள்வி, உப்பு வரவில்லை.

இப்போது அந்த இரண்டு வளவிலும் அக்காவின் இரண்டு மகன்மார் இருக்கிறார்கள். ஒருவன் எஞ்சினியர், மற்றவன் கணக்காளன். போன மாதம் நடுவில் மதில் கட்டி முடித்தார்கள். நல்ல மதில், கதியால்போல நடக்காது, துளிர்க்காது. அத்திவாரத்துக்கு இடைஞ்சல் என்று மூன்று தென்னைகளையும் தறித்துவிட்டார்கள். நான் போனபோது இருவரும் தனித்தனியே எனக்குத் தேத்தண்ணி தந்து, சரித்திரம் படித்தவர் என்ற மரியாதையில், நியாயம் யார் பக்கம் என்று தனித்தனியே கேட்டார்கள்.

மூத்தவனோடு இருக்கிற அக்கா குசினியில் நின்றாள். “சாகட்டும் எண்டு ஐயா போட்ட உப்பிலும் காய்ச்ச மரங்கள், தம்பி” என்றாள். “இவங்கள் ஐயாவிலும் பார்க்கக் கூடப் படிச்சவங்கள்.”

பிறகு ஒரு சட்டி கத்தரிக்காய்க் குழம்பை என்னுடைய கையில் தந்து, சின்னவன் வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். நான் பழக்கத்தில் வடக்குப் பக்கம் திரும்பினேன்.

“உதாலை வழியில்லை. றோட்டாலை போ” என்றாள்.

ரோமாபுரியையும் கார்த்தேஜையும் கரைத்துக் குடித்த நான், சட்டி சுடச்சுட, றோட்டால் சுற்றிப் போனேன்.