வலப்பக்கம் ஒடித்தால்

சூடேறிய இரும்பில் கட்டிங் ஆயில் புகைந்தால் எனக்கு அப்பாவின் கோபம்தான் மூக்கில் ஏறும். வில்லியனூர் லேத் பட்டறையில் என் மகன், மண்மேட்டில் ஓட்டும் பக்கி வண்டிக்கு ஸ்டியரிங் ரேக் செய்துகொண்டிருந்தான். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சக்கரங்களைத் திருப்பும், பல் வெட்டிய இரும்புத் தண்டு அது. இடப்பக்க ஸ்டியரிங் வண்டியின் ரேக் ஒன்றை மாதிரியாக வைத்திருந்தான்.

எழுபதுகளில் எங்கள் அரியூர் வீட்டுப் பின்பக்கமும் இதே நாற்றம்தான். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன இடப்பக்க ஸ்டியரிங் கார் ஒன்றைப் பிரித்து, கரும்பு ஏற்ற வண்டி கட்டினார் அப்பா. ரேக்கை வலப்பக்கம் மாற்றிக் கொடுத்தவர் அம்மாவின் அண்ணன், சூசை மாமா. மாமா வசமிருந்த பாகூர் குடும்ப நிலத்தில் அம்மா பங்கு கேட்டிருந்த சமயம் அது.

ஓட்டிப் பார்த்த அன்றே அப்பா வலப்பக்கம் ஒடிக்க, வண்டி இடப்பக்கம் திரும்பி வாய்க்காலில் இறங்கியது. நெற்றியில் ரத்தத்தோடு எழுந்தார்.

“இன்னாடா, பங்கு கேட்டதுக்கு ஆளையே முடிச்சிடலாம்னு பாத்தியா?”

“மாதா சத்தியமா இல்ல மச்சான்!” மாமா அழுதார்.

“சத்தியம் பண்றவனத்தான் நம்பக் கூடாது.”

அதற்கப்புறம் மாமா கொடுத்தனுப்பும் கிறிஸ்துமஸ் பலகாரத்தை அப்பா முதலில் கோழிக்குப் போட்டுப் பார்ப்பார். மாமா செத்தபோதும் அம்மாவை அனுப்பவில்லை.

மகன் ரேக்கை மாட்டி வலப்பக்கம் ஒடித்தான். சக்கரங்கள் இடப்பக்கம் திரும்பின.

“பக்கம் மாத்துறப்ப தலைகீழாப் போட்டுட்டேம்மா. எல்லாரும் பண்ற தப்புதான்” என்று சிரித்தான்.

தலைகீழ். அவ்வளவுதானா?

ஆனாலும் என் வாயில் முதலில் வந்தது இதுதான்: “உன்கூட மாட்டினது யாருடா?”