வாய் நெறைய வெத்தல, காது நெறைய பேச்சு

நான் எறங்காத எடத்துக்கு என் கொழுக்கட்டை எறங்கிடுச்சுங்க!

மெய்யாலும்! இந்த செவ்வாக்கெழமை காலையில, ஆளுங்க மடியில குந்திகினு, தங்கச் சொரங்கத்துல எறக்கற கேஜு கூண்டுல ஏறி, லெவலு லெவலா பூமிக்குள்ள போயிடுச்சு. பொம்பளைங்கள கேஜ்கிட்டயே உடமாட்டாங்க. இத்தினி வருசமா ஷாஃப்டு குழி வாசலப் பாத்துகினே நாஷ்டா கடை வெச்சிகினு கீறேன். உள்ள எப்படி இருக்கும்னு ஒரு நாள் கண்டிருப்பனா? ஆனா என் கையால செஞ்ச கொழுக்கட்டை கண்டுடுச்சு!

இருங்க இருங்க... டீச்சரம்மா பென்சில கீழ வெச்சிட்டாங்க. "மொதல்ல இருந்து சொல்லு ஆயா"ன்றாங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வாரா வாரம் நான் பேசறத அவங்கதான் பத்திரிகைக்கு எழுதறாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சதுதான். சரி, மொதல்ல இருந்தே வரேன்.

போன வாரம் சொன்னேனே, என் ஆடு காணாம போச்சுன்னு? கெடச்சிடுச்சு. அந்த ஆட்டாலதான் இந்தக் கதையே.

கொஞ்ச நாளா என் கடையில வியாபாரம் படுத்துகிச்சு. கேவுரு களி, மொச்சக்கொட்ட கொழம்பு — எங்க கோரமண்டல் சொரங்கத்துப் பக்கம் என் களிக்கு ஒரு பேரு உண்டு. காலை ஷிஃப்டுக்குப் போற ஆளுங்க தூக்குல வாங்கிகினு போய் உள்ளயே துன்னுவாங்க. அப்படித்தான் நான் நெனச்சிகினு இருந்தேன். ஆனா நாளுக்கு நாள் ஆளு கொறையுது. களி மீந்து போவுது. ஆடு ஒண்ணுதான் கொழுத்துகினே போச்சு.

எனக்கு என்னங்க, ஒத்த வவுறு. ஆனா ரோசம்மா கீறா. எங்கூட களி கெளறுற பொண்ணு. அவ ஊட்டுக்காரன் அந்தோணிக்கு, மேல மில்லுல கல்லு ஒடைக்கிற எடத்துல, கால் மேல கல்லு உழுந்துடுச்சு. தட்டி வூட்டுல படுத்துகினு கீறான். ரெண்டு புள்ளைங்க. என் கடை ஓடுனாத்தான் அவ அடுப்பு எரியும். ஒரு நாள் கொழம்பத் தாளிச்சிகினே, என் மூஞ்சியப் பாக்காம சொல்றா —

"ஆயா, வர்ற புதன்கெழம நான் புள்ளைங்கள இட்டுகினு குடியாத்தம் போறேன். எங்கம்மா ஊட்டுக்கு."

"அந்தோணி?"

"அவரால ரயிலு ஏற முடியாது. இங்கியே இருக்கட்டும். கூலி இல்லாம நாலு வவுறு எப்படி ஆயா?"

படுத்த ஆம்பளைய உட்டுட்டுப் போறதுன்னா சும்மாவா? உடனே இன்னா பண்ணேன்? கொழம்புல மொளகாவ இன்னும் ரெண்டு கை அள்ளிப் போட்டேன். ருசி பத்தல, அதான் ஆளு வரலன்னு நெனப்பு. வந்த ஆளுங்களையும் கேட்டேன். "களி எப்படி கீது?" "ஷோக்கா கீது ஆயா!" "கொழம்பு?" "அம்சமா கீது ஆயா!" கண்ணுல தண்ணி ஊத்துது, மூக்கு செவந்து போச்சு... அப்பவும் அம்சமாம்!

நம்ம ஆளுங்க பழக்கம் அப்படி. ஆயான்னு கூப்புட்டவ கையால போட்ட சோத்த எவன் கொற சொல்லுவான்? நாக்கு வெந்தாலும் சொல்ல மாட்டான்.

இந்த நேரத்துலதான் ஆடு காணாம போச்சு. தேடிகினு ஸ்டோரு பின்னால போறேன். ஷாஃப்டுக்கு முட்டு குடுக்கற மரமெல்லாம் அங்கதான் அடுக்கி வெச்சிருக்கும். அங்க பாத்தா — கோயிந்தன்! அவன் பின்னால இன்னும் ஆளுங்க, வரிசையா, திருடனுங்க மாதிரி குனிஞ்சிகினு போறானுங்க. எங்க? அந்தப் பக்கம் பொரிகடலைக்காரன்கிட்ட! வாங்கி மடியில கட்டிகினு கேஜுக்கு ஓடுறானுங்க. என் கடை வழியா வந்தா நாலு எட்டு. அத உட்டுட்டு ஸ்டோரையே ஒரு சுத்து சுத்திகினு போறானுங்க! கோயிந்தன் யாரு தெரியுமா? தெனம் என் களிய வாங்குனவன். பாறையில ஓட்டை போட்டு வெடி மருந்து வெக்கிறவன். அந்த வேலை செய்யறவன் பொரிகடலைய துன்னா ஒடம்பு தாங்குமா?

ஆட்ட இஸ்துகினு வந்து ரோசம்மாகிட்ட கத்துனேன். "இன்னா கொழுப்பு பாத்தியா! இப்பவே போய் நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்."

அவ சிரிக்கிறா. "கேளு ஆயா. ஆனா ஷிஃப்டுக்குப் போறவன மறிச்சிகினு கேக்காத, மேல ஏறி வந்தப்பறம் கேளு. நின்னுகினு கேக்காத, பக்கத்துல குந்திகினு கேளு. இன்னொண்ணு... சொன்னா கோச்சிக்குவ."

"சொல்லுமே."

"கேட்டுட்டு நீயே பதில் சொல்லிடாத."

பாருங்க இவ வாய! எனக்கு கோவம் வந்துச்சு. அப்பால சிரிப்பு வந்துச்சு. சொன்னது சரிதானே? ஆனா பேசாம இருக்கறது எனக்கு ஆவற காரியமா? நல்லா யோசன பண்ணேன். மத்தியானம் ஷிஃப்ட் உடற நேரத்துக்கு வெத்தலைய மடிச்சேன், பாக்கு நொறுக்கிப் போட்டேன், ரெண்டு கன்னமும் உப்புற அளவுக்கு வாயில அடச்சிகினேன். இப்ப பேசுனா எதிர்ல இருக்கறவன் மேலதான் தெளிக்கும். பேச முடியாது இல்ல? போனேன்!

கோயிந்தன் மேல வந்து மரத்து மேல குந்தியிருந்தான். என்னப் பாத்ததும் மூஞ்சி வெளுத்துப் போச்சு. நான் பக்கத்துல போய் குந்தினு, "ம்?"னேன்.

"களி நல்லாத்தான் ஆயா கீது..."

"ம்."

"கொழம்பும் நல்லாத்தான்..."

"ம்."

நான் எதனா திட்டுவேன்னு பாக்கறான். நான் அவன் மூஞ்சியவே பாக்கறேன். உள்ள எம்மாம் சூடுன்னு சொன்னான். தொப்பியில களிமண்ண அப்பி, அதுல மெழுகுவத்திய நட்டுக்குவாங்களாம், அது உருகி காதுல வழியுமாம், அதச் சொன்னான். அவங்கம்மாவுக்கு கண்ணு தெரியலன்னு சொன்னான். எங்க எங்கயோ போறான் பேச்சுல... ஒரு வார்த்த குறுக்க உட்டிருந்தா அங்கியே நின்னிருப்பான். நான் உடல. உட முடியல, வெத்தல!

கடைசியில ரெண்டு கையையும் என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனான்.

"இத பாரு ஆயா. கல்லு மாவு, மெழுகு, மண்ணு. அதுக்கு மேல வெடி மருந்து. உள்ள இருக்கற தண்ணி குடிக்கறதுக்கே பத்தல, கையக் கழுவ ஏது? இந்தக் கையால களியப் பிட்டு துன்னா மண்டையப் பொளக்குது ஆயா. ஷிஃப்ட் பூரா தலவலி. தூக்குல இருக்கறத எத்தினி நாளு கீழ கொட்டறது? நீ ஆசையா போடறப்ப வேணாம்னு சொல்ல வாய் வரல. அதான் பின்னால சுத்திகினு போறோம். பொரிகடலைன்னா மடியில இருந்து அப்படியே வாயில கொட்டிக்கலாம். கை பட வேணாம்."

ஐயோ... நான் பட்டுனு வெத்தலச் சாற முழுங்கிட்டேன். விக்கல் புடிச்சிகிச்சு. அவன் பயந்துட்டு முதுவுல தட்டறான். அந்தக் கையாலதான்! என் பொடவையில இன்னும் கீது அந்த கறை, தொவைச்சாலும் போவல.

நான் மொளகாவ கொறை சொல்லிகினு இருந்தேன். கொறை கையில கீது! களியில எத்த போட்டா இது தீரும்?

கடைக்கு ஓடியாந்து ரோசம்மாகிட்ட மூச்சு உடாம சொன்னேன். "வடை போடலாமா? வடைய வெரலால புடிக்கணுமே... சப்பாத்தி? அதுவும் வெரலு..." அவ அடுப்புல சாம்பல் வாரிகினு இருந்தா. எழுந்து, பானையில இருந்த காலைக் களிய ஒரு மந்தார எலையில உருட்டி வெச்சு, சாம்பல் கையாலயே எலையப் புடிச்சு, மேல கொஞ்சம் விரிச்சு, வாய வெச்சு கடிச்சா. சாம்பல் எலைக்கு, களி அவ வாய்க்கு.

"நான் தெனம் இப்படித்தான் ஆயா துன்றேன். நீ பாத்ததில்லியா?"

தெனம் என் எதிர்லயே துன்றா! நான் பாத்தனா? பேசிகினு இருந்திருப்பேன்.

அப்பறம் இன்னா? கேவுரு மாவுல வெங்காயம், கருவாடு, ஒரு கிள்ளு மொளகா — ஒரு கிள்ளுதான்! — போட்டுப் பெசஞ்சு, எலையில சுத்தி, ஆவியில வேக வெச்சோம். அதான் அந்தக் கொழுக்கட்டை! எலை பிரியாம இருக்க ஈர்க்குச்சி குத்துனேன். அன்னிக்கே கோயிந்தன்கிட்ட ஒண்ணு குடுத்து, வாயில வெத்தல போட்டுகினு எதிர்ல குந்தினேன்.

"ம்?"

இந்த வாட்டி அவனே சிரிச்சிட்டான். "ஆயா, உள்ள ஒரு மெழுகுவத்தி வெளிச்சம்தான். ஈர்க்குச்சி தெரியாம வாயில குத்திடும். வாழநாருல கட்டு. ஆனா இறுக்கி முடிச்சு போடாத, ஒரு இழு இழுத்தா அவுந்துடணும்."

கட்டுனோம். ஒரு இழு... அவுந்துச்சு!

செவ்வாக்கெழமை காலையில, கோயிந்தன் முன்னால நடக்க, அந்த வரிசை பூரா ஸ்டோரு பின்னால போவாம நேரா என் கடைக்கு வந்துச்சுங்க! குனியல, ஒளியல. "ஆயா, எனக்கு கருவாடு!" "ஆயா, எங்க செட்டுக்கு சேத்து கட்டு!"ன்னு கத்தறானுங்க. தெலுங்குக்காரரு ஒருத்தரு "நாக்கு ரெண்டு!"ன்னு, அதான் அவங்க பாஷையில எனக்கு ரெண்டுன்னு, கைய நீட்டறாரு. கூடை காலி. பொரிகடலைக்காரன் எட்டிப் பாக்கறான். என் ஆடு ஏமாந்து போய் "மே"ங்குது, பாவம், அதுக்கு மிச்சமே இல்ல.

மத்தியானம் கோயிந்தன் ஒரு எலைய பத்திரமா கொண்டாந்து காட்டுனான். கறுப்பா அஞ்சு வெரலும் அச்சு குத்தியிருக்கு. "பாத்தியா ஆயா, எல்லாம் இதுலயே நின்னுடுச்சு. இன்னிக்கு தலவலி இல்ல." அந்த எலைய மாடத்துல வெச்சிருக்கேன்.

புதன்கெழம? காலையில வண்டிக்கு நேரம் ஆச்சு. ரோசம்மா வருவாளா மாட்டாளான்னு நான் வாசலப் பாத்துகினே கீறேன். ரயிலு கூவிச்சு. அந்த சத்தம் அடங்கறதுக்குள்ள அவ வந்துட்டா — இடுப்புல ஒரு புள்ள, கையில ஒரு புள்ள, தலையில மூட்டை. தொறந்து பாத்தா, மூட்டை பூரா மந்தார எலை. படுத்த எடத்துலயே அந்தோணி ஒவ்வொண்ணா தொடச்சு அடுக்கிக் குடுத்தானாம்.

"எலையப் பாத்துகினு நிக்கறியே, தண்ணிய அடுப்புல ஏத்து ஆயா"ன்றா. முதலாளி யாருன்னே தெரியல போங்க!

டீச்சரம்மா சிரிக்கறாங்க. "இந்த வாரமும் நீயே பேசிட்ட ஆயா"ன்றாங்க. ஆமா இல்ல? என்னப் படிக்கறவங்களும் இத்தினி நாளா "ஷோக்கா கீது"ன்னுதான் சொல்லிகினு கீறீங்க...

இதோ, வெத்தலைய வாய் நெறைய அடச்சிகினேன். ம்?