பொண்ணு வூட்டு ரத்தம்

என் மகளைச் சொந்த அக்கா மகனுக்குத்தான் கொடுத்தேன். அசலில் கொடுத்தால் பெண் கஷ்டப்படும், அத்தை வீடென்றால் தாய்வீடு மாதிரி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அவள் ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை ஏறியிருந்தது. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று நர்சம்மா கேட்டார். அக்கா முந்திக்கொண்டாள்.

"எங்க பக்கம் ஒருத்தருக்கும் கெடையாது சிஸ்டர். எல்லாம் பொண்ணு வூட்டு ரத்தம். இவ அம்மாக்காரியக் கேளுங்க."

என் மனைவி வழியில் யாருக்கும் சர்க்கரை இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது. அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும்.

சாப்பாட்டை மாற்றிப் பார்த்தும் சர்க்கரை இறங்கவில்லை. டாக்டரம்மா இன்சுலின் ஊசி எழுதினார். "இது பரம்பரையாவும் வரும், வேற காரணமும் இருக்கு. யார் மேலயும் தப்பில்ல. ஊசிய மட்டும் நிறுத்திடாதீங்க, குழந்தைக்கு ஆபத்து" என்றார். அக்கா பெரிதாகத் தலையாட்டினாள்.

சில நாள் கழித்து மாகறலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை கம்பெனி வேலைக்குப் போயிருந்தார். மகள் துவண்டுபோய், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, அத்த ஊசி மருந்த பீரோவுல வெச்சிப் பூட்டிக்கினாங்க."

அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "இன்னாடா மொறைக்கிற? ஊசி பழகிச்சின்னா ஆயுசுக்கும் வுடாது. உன் பொண்டாட்டி குட்த்தனுப்பின சீரு இதானா? நோவு புடிச்சவள எங்க தலையில கட்டிட்டு நல்லவனாட்டம் வந்து நிக்கிறான் பாரு."

எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை, கத்திவிட்டேன்.

"எந்த வூட்டு ரத்தம்க்கா? நம்ம அம்மாவுக்கு சக்கரையில கால எடுத்தாங்களே, அது யார் வூட்டு ரத்தம்? நான் மாத்திர போட்டுக்கினு கீறேன். நீ பிரஷர் மாத்திரன்னு சொல்லிக்கினு முழுங்கறது இன்னா? நானும் அதே மாத்திரதான் முழுங்கறேன். எனக்குத் தெரியாதா?"

அக்கா வாசல் பக்கம் பார்த்தாள். "மெதுவா பேசுடா பாவி. எனக்கு இன்னொரு பொண்ணு கட்டிக்குடுக்கக் கீது."

அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்க வேண்டும் என்பதற்காக என் பெண் வயிற்றோடு சாக வேண்டுமா? அவள் பீரோவைத் திறக்கும்வரை நிற்க எனக்குப் பொறுமையில்லை. மகளை நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் புதிதாக ஊசி மருந்து வாங்கி, என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். பிரசவம் வரை என் மனைவிதான் ஊசி போட்டாள். அக்கா எட்டிப் பார்க்கவில்லை.

ஆண் குழந்தை பிறந்தது. குதிகாலில் குத்தி சர்க்கரை பார்த்தார்கள், குறை ஒன்றுமில்லை. சேதி கேட்டு அக்கா வந்தாள். என் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"பாருடா, அப்டியே எங்க வூட்டு மூக்கு."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.